புளியில் ஊறிய பித்தளை

மெதுவாகச் சுற்று என்று கைக்குச் சொல்கிறேன், கை கேட்கிறது. இடது கையில் ஒரு பித்தளை உறை, சுண்டுவிரல் நீளம். வலது கையில் பம்பரம் போல ஒரு கூம்புக் கருவி. கூம்பை உறையின் வாய்க்குள் வைத்துத் திருகினால் உள்விளிம்பின் பிசிர் போகும், மறுபக்கத்தைத் திருப்பிப் பிடித்துத் திருகினால் வெளிவிளிம்பு வழவழப்பாகும், விரித்திருக்கும் கறுப்புத் துணியில் முடி மாதிரி ஒரு பித்தளைச் சுருள் விழும், அப்புறம் அடுத்த உறை. வேலை இவ்வளவுதான். சுட்டு முடித்த தோட்டாவின் காலி உறையை என் வீட்டுக்காரர் தூக்கிப் போடுவதில்லை. பொறுக்கிக் கொண்டுவந்து, சுத்தம் செய்து, அளவுக்குக் கொண்டுவந்து, வாயைச் சீவி வைத்தால் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவாக்கிவிடலாம். ஓக்லஹோமாவில் வீட்டு கராஜில் உட்கார்ந்து இப்படிச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது கல்யாணம் ஆகி இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலை. கராஜ் கதவு பாதி தூக்கியிருக்கிறது, இடுப்பு உயரத்துக்கு வெயில் உள்ளே வந்து என் செருப்பைத் தொடுகிறது. மேஜையின் அந்தக் கோடியில் அவர் மருந்து நிறுக்கும் சின்னத் தராசைச் சமன் செய்துகொண்டிருக்கிறார், ஃபேன் காற்று பட்டால் முள் ஆடும் என்று ஃபேனை நிறுத்திவிட்டார், எனக்குக் கழுத்தில் வேர்க்கிறது. என் தட்டு முடிந்தால் அவர் தொடங்குவார். நான் முடிக்காதவரை அவர் தொடங்க முடியாது. அதனால்தான் கைக்குச் சொல்கிறேன், மெதுவாக, இன்னும் மெதுவாக. இந்தத் தட்டில் இருக்கிற உறைகள் எல்லாமே கெட்டுப்போனவை. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கெடுத்தது நான்.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த அளவுக்குத் தேய்த்து வைத்திருக்கிறேன். வாயை வெளிச்சத்துக்குச் சாய்த்து உள்ளே பார்த்தால்தான் தெரியும், கழுத்துக்குள்ளே, மஞ்சளாக இருக்க வேண்டிய இடத்தில், ரோஜாப்பூ காய்ந்த மாதிரி ஒரு சிவப்பு. குழந்தை வாயைத் திறந்து காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றும் என்னிடம் காட்டுகிறது. பார்க்காதே, திருகு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, புளிப்பும் உப்பும் சேர்ந்து அதிக நேரம் பிடித்தால் துத்தநாகம் முதலில் கிளம்பிப் போய்விடும், செம்பு மட்டும் நிற்கும், நிறம் சிவக்கும், பொருளின் வடிவம் மாறாது, பலம் போய்விடும். இதை நான் பட்டுக்கோட்டையில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன், படம் போட்டு, அம்புக்குறி போட்டு, துத்தநாகம் வெளியே போகிறது என்று. மிஸ் அந்தப் படத்தை வகுப்பில் காட்டினார், நான் தலையைக் குனிந்துகொண்டேன், பாராட்டினாலும் குனிவேன், திட்டினாலும் குனிவேன், எனக்கு இரண்டுக்கும் ஒரே கழுத்துதான். வடிவம் மாறாது. அந்த வரியைப் படித்தபோது பயமே வரவில்லை. ஓட்டையான கப்பல் குழாயோ பழைய தண்ணீர்க் குழாயோ யாருக்கோ எங்கேயோ நடப்பது என்று நினைத்தேன். இப்போது அது என் உள்ளங்கையில் உருண்டுகொண்டிருக்கிறது, அழகாக, கனமாக, ஒரு குறையும் இல்லாத மாதிரி.

"என்ன வினோ, இன்னிக்கு கை மெதுவா போவுது." அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறார். "பிசிரு நிறைய இருக்குங்க" என்கிறேன். "அவசரமில்ல. நிதானமா பண்ணு. நிதானமா பண்ணாத்தான் இது நல்லாருக்கும்." நல்லாருக்கும். இவர் கோபித்துக்கொள்கிற ஆளாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்குமோ என்று தோன்றுகிறது, பயந்து மறைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளலாம். செல்வகணபதி என்ற இவ்வளவு நீளப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு அந்தப் பெயரின் நீளத்துக்குக்கூடப் பேசாத மனிதர். மன்னார்குடிக்காரர், இங்கே வந்து வருஷக்கணக்காகத் தனியாக இருந்து, கம்ப்ரெஸர் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்து, தானே சமைத்து, பேச்சைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் நிறுத்தியே விட்டார். எனக்கும் பேச வராது. வந்த புதிதில் நாங்கள் இருவரும் சாப்பிடுகிற சத்தம் எனக்குக் கேட்கும், அப்பளம் உடைகிற சத்தம், டம்ளர் வைக்கிற சத்தம். உப்பு போதுமா என்று கேட்பேன், போதும் என்பார், அன்றைக்கு அதுதான். அம்மா ஃபோனில் எப்போதும் கடைசியாக ஒன்று கேட்பாள், "ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களாடி?" ம் என்பேன். அந்த ம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு பெரிய பொய்.

படுக்கையறை அலமாரிக்குள் இரும்புப் பெட்டி இருப்பதை முதல் வாரமே பார்த்துவிட்டேன், நகைக்கு என்று நினைத்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து அவர் ரைஃபிளை எடுத்தபோது நான் கதவோரமாக ஒதுங்கிக்கொண்டேன். அதுவரைக்கும் நான் துப்பாக்கியைப் பக்கத்தில் பார்த்தது எங்கள் ஊர் பேங்க் வாசலில்தான், காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு குழல் துப்பாக்கியைத் தொடைமேல் கிடத்தித் தூங்கிக்கொண்டிருப்பார், அதைத் தாண்டி உள்ளே போகும்போதெல்லாம் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு போவேன், அது பாம்பு மாதிரி. இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரைஃபிளைக் கீழே வைத்தார். "காகிதத்ததான் சுடுவேன்" என்றார். அதன் பிறகு, நான் ஒன்றும் கேட்காமலேயே, "முட்டைகூட சாப்பிடறதில்ல, தெரியும்ல" என்றார். அதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் நீளமான விஷயம். தூரத்தில் நிறுத்தி வைத்த காகிதத்தின் நடுவில் ஓட்டை போடுவது. அதற்காக இவ்வளவா என்று எனக்கு இருந்தது. அப்புறம் ஒரு சனிக்கிழமை, செய்ய ஒன்றும் இல்லாமல், கராஜுக்கு வந்து வாசலில் நின்றேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார், கையுறையைக் கொடுத்தார், காலி உறையை என் கையில் வைத்து இது அடி, இது கழுத்து, இது வாய் என்று காட்டினார். பேச்சே வராதவர் இதைப் பற்றி மட்டும் பேசினார். மருந்து வெடிக்கும்போது அந்த அழுத்தத்தைத் தாங்குவது இந்தப் பித்தளைதான் என்றார். "சுடறப்ப என் கன்னம் துப்பாக்கிக் கட்டையில ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த மருந்துக்கும் என் கன்னத்துக்கும் நடுவுல இந்தத் தகடு ஒண்ணுதான் நம்பிக்கை." சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவர் சவரம் செய்துகொண்டு வரும்போதெல்லாம் நான் அந்த வலது கன்னத்தைப் பார்க்கிறேன். அங்கே ஒரு சின்ன மச்சம் இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். விரிசல், பள்ளம், நிற மாற்றம் எது கண்ணில் பட்டாலும் குறட்டை எடுத்து அந்த உறையின் வாயை அப்போதே நசுக்கிவிட வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம்னு ஓரமா வச்சா அது நல்லதோட போயி கலந்துரும். சந்தேகம்னா நசுக்கிடு. என்னைக் கேக்கவே வேணாம்." நசுக்கியதெல்லாம் காலி காபி டின்னுக்குள். குறடு இதோ, என் வலது முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, சிவப்புக் கைப்பிடி, தொட்டால் தொடுகிற தூரம். என்னைக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நான் கேட்க வேண்டியதில்லை, சொல்ல வேண்டியிருக்கிறது.

புளி யோசனை என்னுடையது. உறைகளை வால்நட் ஓட்டுத் தூளில் போட்டுக் குலுக்கி மெருகேற்றுகிற மெஷின் ஒன்று இருக்கிறது, அது ரிப்பேராகி, மோட்டார் வருகிறவரை வேலை நின்றுபோயிருந்தது. கறுத்துப்போன உறைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைப் பாத்திரங்கள் ஞாபகம் வந்தது, வாயைத் திறந்து "புளி போட்டுப் பாக்கலாமா" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் காது சூடானது. அவர் யோசித்தார், சிரிக்கவில்லை, "பாக்கலாமே" என்றார். ஊரிலிருந்து கிளம்பும்போது சீரங்கப்பட்டி மாமா கொண்டுவந்து கொடுத்த பழம்புளியைக் கரைத்து, சாதம் பொங்கும் நேரம் மட்டும் ஊறவிட்டு, கையால் அலசி எடுத்தேன். தங்கம் மாதிரி வந்தது. அவர் ஒன்றை எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இவ்ளோ நாளா எனக்கு இப்படி வந்ததேயில்ல" என்றார், அந்த ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்கே போனார். பக்கத்து வீட்டு வேய்ன் தாத்தாவிடம், இருவரும் சேர்ந்துதான் சுடுமிடத்துக்குப் போவார்கள், காட்டியிருக்கிறார். அன்று இரவு சாப்பாட்டில் வேய்ன் சொன்னதைச் சொன்னார், வேய்னின் மனைவி சொன்னதைச் சொன்னார், மன்னார்குடியில் அவர் அம்மா வெண்கலப் பானை தேய்ப்பதைச் சொன்னார், ரசம் ஆறிப்போகிறவரை பேசினார். நான் எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் பேச்சு நின்றுவிடுமோ என்று குக்கரை அப்படியே விசிலடிக்க விட்டேன். அதுதான், அந்த ரசம் ஆறிய சாப்பாடுதான் இப்போது என் நாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அம்மாவிடம் துப்பாக்கி என்று சொல்ல முடியுமா. அந்த வார்த்தையைக் கேட்டால் அடுத்த பஸ்ஸிலேயே மெட்ராஸ் போய் ஏர்போர்ட்டில் நிற்பாள். "அவர் பித்தளைச் சாமான் நிறைய வச்சிருக்காரும்மா, நான் தேச்சுக் குடுக்கறேன்" என்றேன். "விளக்கா?" என்றாள். ம் என்றேன், அதே ம். "எவ்வளவு வச்சிருக்காரு?" "நிறையம்மா. சின்னச் சின்னது." "அமெரிக்கால இருந்துக்கிட்டு விளக்கு சேக்கறாரா, நல்ல பக்தியுள்ள புள்ளடி" என்று அவளுக்குக் குரல் தழைந்துவிட்டது, பெரியம்மாவுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். இரண்டாவது தடவை உறைகள் வந்தன, இந்தத் தட்டில் இருப்பவை, அவர் நாளைய சுடும் போட்டிக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தவை. ஒவ்வொரு உறையும் எந்த ரைஃபிளில் சுடப்பட்டதோ அந்த ரைஃபிளின் வாட்டத்துக்கு விரிந்து பழகியிருக்குமாம், கால் பழகிய செருப்பு மாதிரி, பல தடவை சுட்டுப் பழக்கியவை இவை, கடையில் வாங்க முடியாது. நன்றாக வர வேண்டும் என்று அம்மாவிடம் பக்குவம் கேட்டேன். "கறுப்புப் புளியா அள்ளிப் போடு, கல்லுப்பு ஒரு கை போடு, ராத்திரி அப்படியே ஊறட்டும், காலைல ஒரே தேய்ப்பு, உங்க வீட்டுக்காரரு மூஞ்சி அதுல தெரியணும்" என்றாள். விளக்குக்கு அது சரிதான். ஒரு விளக்கு எவ்வளவு தடிமன், அது எதைத் தாங்கப் போகிறது, ஒரு திரியை. நான் கெமிஸ்ட்ரி படித்தவள், அம்மா சொன்ன உடனே அந்தப் படம், அந்த அம்புக்குறி, மனசில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அம்மா பேசும்போது நான் எப்போதும் அம்மாவின் மகள்தான், வேறு ஒன்றும் இல்லை. கல்லுப்பை அளக்காமல் கை நிறையப் போட்டேன். காலையில் மூடியைத் திறந்தபோது அத்தனையும் சிவந்து கிடந்தன, அலசி எடுத்த தண்ணீர் நீலம் பாரித்திருந்தது. அவர் மாடியில் குளித்துக்கொண்டிருந்தார், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நிற்பதற்குள் எல்லாவற்றையும் துடைத்து அவர் புது மோட்டார் போட்டுச் சரிசெய்து வைத்திருந்த மெஷினில் கொட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டேன். அது நாள் முழுக்கக் குலுக்கிக்கொண்டே இருந்தது, சமையலறைச் சுவர் வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மாலையில் எடுத்தால் மஞ்சள். அவர் பார்த்து, "போன தடவைய விட நல்லாருக்கு" என்றார்.

சுருளைப் பார். சிவப்புத் தோலுக்கு அடியில், கூம்பு வெட்டின இடத்தில், விளிம்பு மஞ்சளாகத்தான் மின்னுகிறது. அப்படியென்றால் மேல்தோல் மட்டும்தானே போயிருக்கிறது, உள்ளே பித்தளை பித்தளையாகத்தானே இருக்கிறது. ஒரு ராத்திரியில் எவ்வளவுதான் போயிருக்கும். கப்பல் குழாய்க்கு வருஷக்கணக்கு ஆகும். ஒன்றும் ஆகாமலே போகலாம். நாளைக்குச் சுட்டுவிட்டு வந்து, ரசம் ஆறப் பேசலாம். இன்னொன்று திருகு. ஆனால் எவ்வளவு போனது என்று எனக்கு எப்படித் தெரியும், இங்கே என்ன லேப் இருக்கிறது, ஒவ்வொரு உறையிலும் ஒரே அளவுதான் போயிருக்குமா, மேலாகக் கிடந்தது, அடியில் மண்டியில் கிடந்தது. ஒன்றே ஒன்று போதும். மச்சம் இருக்கிற இடம். சுடும்போது கண்ணாடி போட்டுக்கொள்வார்தான், பவர் கண்ணாடி, அதன்மேல் இன்னொரு பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் மூச்சுப்பட்டு மங்குகிறது என்று அந்த வெளிக்கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொள்வார், நான் பார்த்திருக்கிறேன், வேய்ன் தாத்தா திட்டுவார். ஏங்க என்று தொடங்கலாம். ஏங்க, ஒண்ணு சொல்லணும். ஏங்க, இதெல்லாம் வேண்டாம். ஏங்க, புளி கொஞ்சம் அதிகமாப் போச்சு. கொஞ்சம் இல்லை. ஏங்க என்ற வார்த்தை தொண்டைவரை வருகிறது, அங்கே நின்று, உப்பு போதுமா என்று மாறிக் கீழே போகிறது.

கதவுக்கு அடியில் முதலில் இரண்டு பூட்ஸ் தெரிகிறது, அப்புறம் குனிந்து வேய்ன் தாத்தா உள்ளே வருகிறார், கையில் காபிக் கோப்பை, வெள்ளை மீசையில் நுரை. அவர் இங்கிலீஷ் எனக்கு முழுக்கப் பிடிபடாது, வார்த்தைகளைச் சவைத்துப் பேசுவார், ஆனால் கிண்டல் எந்தப் பாஷையிலும் புரிந்துவிடுகிறது. "என்ன செல், நாளைக்குக் குண்டு காகிதத்தைத் தொடுமா, இல்லை மைதானத்துக்கு வெளியே மேயப் போகுமா?" இவரை அவர் செல் என்றுதான் கூப்பிடுவார். "உங்க குண்டு மேயற இடத்துக்குத் துணைக்கு அனுப்பறேன்" என்கிறார் இவர், இங்கிலீஷில் இவருக்குக் கேலிகூட வருகிறது. வேய்ன் என் தட்டில் குனிந்து ஓர் உறையை எடுக்கிறார். என் கை நிற்கிறது. அவர் அதை வெளிச்சத்தில் உருட்டுகிறார், வெளியே மட்டும் பார்க்கிறார், வாயைப் பார்க்கவில்லை, பாருங்கள் தாத்தா, வாயைப் பாருங்கள், நீங்களே சொல்லிவிடுங்கள். "இதைச் சுடறதுக்குப் பதிலா கழுத்துல போட்டுக்கலாம். அந்தச் சாறு எனக்குக் கொஞ்சம் கிடைக்குமா அம்மணி?" நான் சிரிக்கிறேன், சிரிப்பு உதட்டில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. "அது அவங்க அம்மா வீட்டு ரகசியம்" என்று இவர் சொல்கிறார், அதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறார், பெருமையா அது, என்னைப் பற்றி ஒருவர் பெருமைப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாததால் அடையாளம் தெரியவில்லை. நாளை காலை வண்டியைத் தான் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வேய்ன் குனிந்து வெளியே போகிறார். பூட்ஸ் இரண்டும் வெயிலில் போகின்றன. அவர் உறையைத் தட்டில் வைத்துவிட்டுப் போன இடத்தில், அது கொஞ்சம் உருண்டு, நின்று, வாயை என் பக்கம் காட்டுகிறது.

அதையே எடுக்கிறேன். கூம்பை வைத்துத் திருகுகிறேன். வழக்கமாக வருகிற அந்த மெல்லிய கிரீச் வரவில்லை, நறநறவென்று ஏதோ விரலில் தெரிகிறது, சர்க்கரையைத் திருகின மாதிரி. துணியைப் பார்க்கிறேன். சுருள் இல்லை. கறுப்புத் துணியில் தூள் கிடக்கிறது, செங்கல் தூள் மாதிரி சிவப்பாக, பொடியாக. விளிம்பில் ஒரு இடம் எறும்பு கடித்த மாதிரி உதிர்ந்திருக்கிறது. அடியில் மண்டியில் கிடந்தது இதுவாகத்தான் இருக்கும். அவர் அந்தக் கோடியில் "ம், சரியா நிக்குது" என்று தராசிடம் சொல்லிக்கொள்கிறார், மருந்து டப்பாவின் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்கிறது. "அந்த முடிச்ச வரிசைய இப்படித் தள்ளேன் வினோ, ஆரம்பிச்சிடறேன்." நான் தள்ள வேண்டும். கை தட்டின் ஓரத்துக்குப் போகிறது. அந்தக் கையை நான் பார்க்கிறேன், அது தட்டைத் தாண்டிப் போய்ச் சிவப்புக் கைப்பிடியை எடுக்கிறது. உறையின் வாயைக் குறட்டுப் பல்லுக்கு நடுவில் வைத்து அழுத்துகிறேன். பித்தளை நசுங்கும்போது மடங்கும், இது மடங்கவில்லை, சின்னதாக நொறுங்கியது. டின்னுக்குள் போட்டேன், ணங் என்றது. அவர் திரும்பவில்லை, அந்தச் சத்தம் பழகினதுதான். இன்னொன்றை எடுத்தேன், முடித்து வைத்த வரிசையிலிருந்து. நசுக்கினேன். ணங். இன்னொன்று. டப்பா மூடி திருகுகிற சத்தம் நின்றது. "என்ன, வரிசையா போவுது?" இன்னொன்று. "வினோ." இன்னொன்று. "ஏங்க" என்றேன். வந்துவிட்டது. "எல்லாத்தையும் நசுக்கணுங்க. இதுல ஒண்ணுகூட வேணாம். புளியில உப்பு போட்டு ராத்திரி முழுக்க ஊற வச்சுட்டேன், சிவந்துபோச்சு, நான் மெஷின்ல போட்டுத் தேச்சு மறைச்சுட்டேன், துத்தநாகம் போயிருச்சு, எனக்குத் தெரியும், நான் படிச்சிருக்கேன், உள்ள பாருங்க, உங்க கன்னம்" என்று எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கன்னம் என்ற இடத்தில் நின்றுபோனேன்.

அவர் எழுந்து வந்தார். சின்ன டார்ச்சை எடுத்து ஓர் உறையின் வாய்க்குள் அடித்துப் பார்த்தார். இன்னொன்றில் பார்த்தார். துணியில் கிடந்த சிவப்புத் தூளை விரலால் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். எங்கள் வீட்டின் பழைய அமைதி திரும்பி வந்து மேஜையில் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது, நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் இடது கையில் உறை இருந்தது. வலது கை தானாக எழுந்து கன்னத்துக்குப் போனது, அந்த மச்சத்தின் மேல் உள்ளங்கை பதிந்து, அப்படியே இருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் போய் மருந்து டப்பாவை மூடினார், இறுக்கமாக மூடி, அலமாரியில் வைத்து, அலமாரியைப் பூட்டினார். ஃபேனைப் போட்டார். என் கழுத்தில் காற்று பட்டது. "போட்டி?" என்று கேட்டேன். "போட்டி என்ன, அடுத்த மாசம் ஒண்ணு வரும். நாளைக்கு வேய்ன் சுடறத பாத்துட்டு வரலாம். நீயும் வா." பிறகு ஸ்டூலை என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வருத்தமில்லாமல் இல்லை, தட்டை ஒரு தடவை முழுக்கப் பார்த்தார், ஒன்றை எடுத்துக் கட்டை விரலால் தடவினார், பழகின செருப்பு. "ராத்திரி முழுக்கவா. அப்படி ஊறப் போடணும்னு எங்க படிச்ச?" "அம்மா சொன்னாங்க." "அத்தையா? அவங்களுக்கு இது எதுக்குன்னு தெரியுமா?" நான் குனிந்துகொண்டேன். "அம்மாகிட்ட குத்துவிளக்குன்னு சொல்லியிருக்கேன்." "என்னது?" "நீங்க விளக்கு சேக்கறீங்கன்னு. சின்னச் சின்னதா. நிறைய." அவர் முகம் என்னவோ செய்தது, முதலில் எனக்குப் புரியவில்லை, இரண்டு மூன்று தடவை மூக்கால் மூச்சு விட்டார், அப்புறம் ஸ்டூல் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் தெற்றுப்பல் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "அதான் போன வாரம் ஃபோன்ல அத்தை கார்த்திகைக்கு எல்லாத்தையும் ஏத்தி வச்சு ஃபோட்டோ அனுப்புங்கன்னாங்களா. நான் சரிங்கத்தைன்னு வேற சொன்னேன்."

டிராயரிலிருந்து இன்னொரு குறடு எடுத்துக்கொண்டார். அவர் ஒன்று, நான் ஒன்று. சில மடங்கின, சில உதிர்ந்தன, மடங்கினதற்கும் உதிர்ந்ததற்கும் வெளியே ஒரு வித்தியாசமும் இருக்கவில்லை. உதிர்கிற ஒவ்வொன்றுக்கும் அவர் கை ஒரு கணம் நின்று, பிறகு டின்னுக்குள் போட்டது. மேஜைமேல் என் ஃபோன் அதிர்ந்து, உறைகளுக்கு நடுவில் நகர்ந்து வந்தது. அம்மா. அங்கே விளக்கேற்றி முடித்திருப்பாள், முடித்துவிட்டுத்தான் கூப்பிடுவாள். நான் அவரைப் பார்த்தேன். "எடு" என்றார், குறட்டை நிறுத்தாமல். ஸ்பீக்கரில் போட்டேன். "என்னடி, விளக்கெல்லாம் பளிச்சுன்னு வந்துச்சா?" என்றாள் அம்மா. பின்னால் யாரோ தெருவில் மணியடித்துக்கொண்டு போனார்கள். ம் என்ற அந்தச் சின்ன எழுத்து பழக்கத்தில் உதட்டுக்கு வந்தது. அதை விழுங்கிவிட்டு, "அம்மா, அது விளக்கு இல்லம்மா" என்றேன். "பின்ன?" சொன்னேன். துப்பாக்கி என்ற வார்த்தையையும் சொன்னேன், காகிதத்தைத்தான் சுடுவார் என்றும் சொன்னேன், முட்டைகூடச் சாப்பிட மாட்டார் என்றும் சொன்னேன், உப்பும் புளியும் செய்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் மணிச் சத்தம் மட்டும் தேய்ந்துகொண்டே போனது. டின்னுக்குள் ஒன்று விழுந்தது. "என்னடி சத்தம் அங்க?" "அவருதாம்மா. நசுக்கிக்கிட்டிருக்காரு. ரெண்டு பேருமா உக்காந்து நசுக்கிக்கிட்டிருக்கோம்." அம்மா மூச்சை இழுத்து விட்டது கேட்டது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். "அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள். "ஆகலம்மா." "தெரியாம சொல்லிப்புட்டேனேடி நானு." "நான் விளக்குன்னு சொன்னதாலதானம்மா." பிறகு, எப்போதும் கடைசியில் கேட்கிறதை, இந்தத் தடவை குரலைத் தாழ்த்தி, ஸ்பீக்கரில் இருப்பது தெரியாமல் கேட்டாள். "ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களாடி?" நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஃபோன் பக்கம் குனிந்தார், கையில் குறடும் குறட்டில் பாதி நசுங்கின உறையுமாக. "பேசிக்கிட்டுதான் இருக்கோம் அத்தை" என்றார்.